இரண்டரையும் மூன்றும்

வாகனத்தின் மணிக்கூடு இன்னும் குளிர்காலத்தில்தான் நிற்கிறது, பங்குனியிலேயே ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியிருக்க வேண்டும், எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தேடப் பஞ்சி, கார்த்திகை வந்தால் தானாகச் சரிவந்துவிடும் என்று விட்டுவிட்டேன், இப்படிப்பட்ட நான்தான் சற்று முன்புவரை தொலைபேசிக் கூட்டத்தில் நாலைந்து பேருக்கு நேரத்தை எப்படிச் சேமிப்பது என்று வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இனி துஷ்யந்தன் பேசுவார். லண்டனில் இருந்து அவர் பேசத் தொடங்கினால் மழை பிடித்த மாதிரி, மற்றவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான், அதனால் என் பக்கத்து ஒலியை நிறுத்திவிட்டு, ஸ்காபரோவில் கண் வைத்தியரின் கட்டடத்துக்கு முன்னால், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கிடக்கிறேன். பக்கத்து ஆசனத்தில் அம்மா. கண்ணுக்கு மருந்து விட்டிருக்கிறார்கள், வெளிச்சம் ஆகாது, கறுப்புப் பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்று கொடுத்திருக்கிறார்கள், அதைப் போட்டுக்கொண்டு தமிழ்க் கடைப் பற்றிஸைத் தடவித் தடவிச் சாப்பிடுகிறார். துகள் எல்லாம் மடியில். நேற்றுத்தான் வாகனத்தைக் கழுவினேன். துஷ்யந்தனின் குரல் வாகனத்தின் நாலு பக்கத்தாலும் வருகிறது, அம்மா அதை வானொலியைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருக்கிறார், இல்லை கேட்காமல் இருக்கிறார், அம்மா எதைக் கேட்கிறார் எதை விடுகிறார் என்று இத்தனை வருசத்தில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. என்ன கூட்டம் என்று அவருக்கு நான் சொல்லவில்லை. வேலை என்றேன். வேலை என்றால் அம்மா மேற்கொண்டு கேட்க மாட்டார்.

இது வேலை இல்லை. வேலை என்றால் காப்புறுதிக் கம்பனியில் பகல் முழுக்கச் செய்கிறேனே அது, யாருடைய கார் எந்த நேரத்தில் எதில் மோதியது என்று நிரல்களில் அடுக்கிவைப்பது, மோதிய நேரத்தில் யாருக்கும் சந்தேகம் வராது, வந்தாலும் காசோடு போய்விடும். இது காணாமல் போனவர்களின் ஆவணம். ஆளுக்கொரு நாட்டில் இருந்துகொண்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செய்கிறோம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரிசை, பெயர், ஊர், வயது, சாட்சி, அதில் ஒரு நிரல் கடைசியாகக் கண்ட நேரம். கடைசியாகக் கண்ட நேரம் என்று தட்டச்சுச் செய்த முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது, தொலைபேசியில் ஒவ்வொருவரின் பெயருக்குக் கீழேயும் இதைத்தானே போட்டுக் காட்டுகிறார்கள், இன்னார் கடைசியாக இன்ன நேரம் வந்து போனார் என்று, நாங்களும் விரலால் தள்ளிவிட்டுப் போகிறோம். இந்த நிரலுக்கு எந்த வகை கொடுப்பது என்பதில்தான் இரண்டு கிழமையாக இழுபறி. தரவுத்தளத்தில் நேரத்துக்கு ஒரு வகை இருக்கிறது, எழுதினதை எழுதினபடியே வைத்திருக்கும், மூன்று மணி என்றால் மூன்று மணி, எந்த ஊர் மூன்று மணி என்று அதற்குத் தெரியாது, கவலையும் இல்லை. இன்னொரு வகை கெட்டிக்கார வகை. எந்த ஊர் என்று கேட்டு வாங்கி, கிரீனிச் நேரத்துக்கு மாற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, ஊரை மறந்துவிடும். பிறகு பார்க்கிறவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர் நேரத்தில் எடுத்துக் காட்டும். துஷ்யந்தனுக்கு இந்தக் கெட்டிக்கார வகைதான் உயிர். உலகத்தில் எல்லாவற்றையும் கிரீனிச்சுக்கு மாற்றிப் போட்டால் ஒரு சிக்கலும் வராது என்று அவர் நம்புகிறார், கிரீனிச்சுக்குப் பக்கத்தில் வீடு வாங்கினவர் அப்படித்தான் நம்புவார். கெட்ட மனிதர் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, பாலர் வகுப்புக்கு முன்பே விமானம் ஏறினவர், அவ்வளவுதான். கொழும்பின் நேரம் எந்தெந்த வருசம் மாறியது என்பதெல்லாம் கணினியின் அட்டவணையிலேயே இருக்கிறது, நாங்கள் எதற்கு மண்டையை உடைக்க வேண்டும் என்று முதல் கூட்டத்தில் கேட்டார். அட்டவணையில் கொழும்பு இருக்கிறது. கிளிநொச்சி இல்லை.

தொண்ணூற்றாறில் அரசாங்கம் தீவின் மணிக்கூட்டை முன்னால் தள்ளியபோது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி தள்ளவில்லை. பத்து வருசம் எங்களுக்கு ஒரு நேரம், அவர்களுக்கு ஒரு நேரம், பழைய நேரம், புது நேரம். நான் பழைய நேரத்தில் வளர்ந்தேன். பழைய நேரத்தில் பள்ளிக்கூடம் போய், பழைய நேரத்தில் பெரியபிள்ளையாகி, பழைய நேரத்தில் ஓடி ஓடி இடம்பெயர்ந்து. சமாதான காலத்தில் பாதை திறந்த பிறகு வவுனியாவுக்குப் போகிற ஆட்கள் இரண்டு படைகளுக்கும் இடையில் கிடந்த சூனியப் பிரதேசத்தைத் தாண்டினதும் கையைத் தூக்கி மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னால் திருகுவார்கள், ஒரு பஸ் நிறைய சனம் ஒரே நேரத்தில் மணிக்கட்டைத் திருகிக்கொண்டிருக்கும், கோயிலில் எல்லாரும் ஒன்றாகக் கன்னத்தில் போடுகிற மாதிரி. தாசன் அண்ணாவுக்கு அது பெரிய பகிடி. நீ இப்ப அரை மணித்தியாலம் கிழவியாப் போனாய் என்று என் தலையில் குட்டுவான், திரும்பி வரும்போது திருப்பித் தந்துவிடுவார்கள் பயப்படாதே என்பான். கறுத்த ரப்பர்ப் பட்டி போட்ட மணிக்கூடு, பட்டிக்குக் கீழே அவனுடைய தோல் வெளிறி ஈரமாக இருக்கும், வியர்வையும் சவர்க்காரமும் கலந்த ஒரு மணம், அந்த மணம் எனக்கு எப்போதாவது ரொறன்ரோ நிலக்கீழ் ரயிலில், முன்பின் தெரியாத ஒருவன் கம்பியைப் பிடிக்கக் கை தூக்கும்போது வரும், நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் விட்டிருக்கிறேன். அண்ணாவுக்கு அந்த அரை மணித்தியாலத்தை யாரும் திருப்பித் தரவில்லை. 2006 மாசியில் போனான். சித்திரையில் அரசாங்கம் மணிக்கூட்டைப் பின்னுக்கு இழுத்து முழுத் தீவையும் எங்கள் நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. இரண்டு மாதம் பொறுத்திருந்து அவனைப் பிடித்திருந்தால் இந்தக் கூட்டமே தேவையில்லை. இப்படி நினைக்கிறேன் பார், என்ன பிறவி நான், பிடிக்காமல் விட்டிருந்தால் என்று நினைக்க வராமல் இரண்டு மாதம் பிந்திப் பிடித்திருந்தால் என்று நினைக்க வருகிறது. துஷ்யந்தன் இப்போது அட்டவணையைத் திரையில் காட்டுகிறாராம். எனக்குத் திரை தெரியவில்லை, அம்மாவின் கைப்பை தொலைபேசிக்கு மேலே கிடக்கிறது.

அன்றைக்கு அம்மாவின் கண்ணைக் காட்டத்தான் அண்ணா கூட்டிக்கொண்டு போனான். வவுனியாவில் கண்ணாடிக் கடை, கனகலிங்கம் அண்ணையின் லொறி, அவர் வவுனியா ஆள், சாமான் இறக்கிவிட்டு வெறும் லொறியோடு திரும்புகிறவர். அரசாங்கப் பக்கத்துச் சோதனைச்சாவடியில் பெண்களுக்கு ஒரு வரிசை, ஆண்களுக்கு ஒரு வரிசை. அண்ணா முதலில் முடித்துக்கொண்டு வெளியே வந்து ரீக்கடைக்கு முன்னால் நின்றிருக்கிறான். அம்மா தட்டிக்குப் பின்னால் வரிசையில் நின்று பார்த்திருக்கிறார், கனகலிங்கம் அண்ணை லொறியில் இருந்து பார்த்திருக்கிறார், ஒரு வான் வந்து நின்றது, அண்ணாவோடு யாரோ கதைத்தார்கள், அண்ணா ஏறினான், வான் போய்விட்டது. இழுக்கவில்லை, அடிக்கவில்லை, ஏறினான். இரண்டு பேர் கண்ணால் கண்டது. இத்தனை சாட்சி எத்தனை பேருக்குக் கிடைக்கும், நாங்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். சண்டை எல்லாம் முடிந்து வருசக்கணக்கில் கழித்து ஒரு விசாரணைக் குழு வந்தது, இரண்டு பேரையும் தனித்தனி அறையில் கூப்பிட்டுக் கேட்டது, பிறகு அரைப் பக்கத்தில் ஒரு முடிவு, இரண்டு சாட்சியங்களும் நேரத்தில் முரண்படுவதால் ஏற்றுக்கொள்ள இயலாது. ஒருவர் மூன்று மணி என்கிறார், மற்றவர் இரண்டரை என்கிறார். அரை மணித்தியாலம். நான் அப்போதே இது பழைய நேரம் புது நேரம்தான் என்று குதித்தேன், அந்த மேசையில் இருந்த ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லையா என்று வாயில் வந்தபடி ஏசினேன், அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டுதான் இந்த ஆவணத்துக்கே வந்தேன். என் திட்டம் சுலபமானது. சொன்ன நேரத்தைச் சொன்னபடியே ஒரு நிரலில் வை, சொன்ன ஆளின் ஊரைப் பார்த்து எந்த நேரம் என்று பக்கத்து நிரலில் வை, வன்னிக்கு உள்ளே இருந்த ஆள் என்றால் பழையது, வவுனியா ஆள் என்றால் புதியது. பிறகு கணினி ஒப்பிடட்டும். மற்ற வீடுகளின் பதிவுகளில் ஓட்டிப் பார்த்தபோது முரண்பாடு முரண்பாடு என்று ஒதுக்கப்பட்ட எத்தனையோ சோடிகள் அப்படியே ஒன்றோடொன்று வந்து ஒட்டிக்கொண்டன, நான் கதிரையை விட்டு எழும்பிக் குசினிக்குள் போய் நின்று அழுதேன். பிறகு வந்து எங்கள் பதிவைப் போட்டேன். அரை மணித்தியாலம் இல்லாமல் போகும் என்று பார்த்தால் ஒரு மணித்தியாலமாக வந்தது.

ஒரு மணித்தியாலம். ஏனென்றால் மூன்று மணி என்று சொன்னது அம்மா. இரண்டரை என்று சொன்னது லொறிக்காரர். என் விதிப்படி அம்மாவின் மூன்று புது நேரத்தில் மூன்றரை ஆகிவிடுகிறது. மறுபக்கமாக அல்லவா இருக்க வேண்டும், பழைய நேரம்தானே குறைந்த நேரம், உள்ளே இருந்து போன அம்மா இரண்டரை என்றும் வவுனியாக்காரர் மூன்று என்றும் சொல்லியிருந்தால் எல்லாம் பொருந்தி, நானும் குசினிக்குள் இரண்டாம் முறை அழுதிருப்பேன். விசாரணை அறிக்கையின் ஆங்கிலப் பிரதியை எத்தனை தரம் வாசித்தேன், பெயரை மாற்றி எழுதிவிட்டார்களா என்று, இல்லை, தாய் மூன்று என்கிறார். அன்றிலிருந்து அது தொண்டையில் மீன் முள் மாதிரி. அம்மா சரியாகப் பார்க்கவில்லையா, கண்ணாடி இல்லாத கண். அல்லது அம்மா பார்க்கவே இல்லையா. வரிசையில் நின்றிருக்கிறார், அண்ணாவைக் காணவில்லை, பிறகு லொறிக்காரர் சொன்னதை எடுத்துத் தானே கண்டதாகச் சொல்லிச் சொல்லி அதுவே கண்டதாகிவிட்டதா. இதை அம்மாவிடம் கேட்க என் வாய் வளையவில்லை. சாப்பிடும்போது பார்ப்பேன், நித்திரை கொள்ளும்போது பார்ப்பேன், நீ கண்டனியா அம்மா, உண்மையாகவே கண்டனியா, கேட்டால் என்ன பதில் வரும் என்று பயம், பதில் வராமல் விட்டால் அதைவிடப் பயம். குழுவிலும் சொல்லவில்லை. முதல் பட்டியல் திங்கட்கிழமை வழக்குப் பார்க்கிற சட்டத்தரணிகளிடம் போகிறது, நேரம் பொருந்துகிற பதிவுகள் மட்டும், பொருந்தாதவற்றைக் கணினி தானாகவே பிறகு பார்ப்போம் என்கிற பெட்டிக்குள் தள்ளிவிடும், அந்தப் பெட்டியை யார் எப்போது பார்ப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும், காப்புறுதிக் கம்பனியிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கிறது. என் திட்டம் வென்றால் ஊரார் பிள்ளைகள் எல்லாம் பட்டியலில் ஏறுவார்கள். அண்ணா பெட்டிக்குள் போவான். நானே ஒரு விரலால் அம்மாவின் மூன்றை இரண்டரை ஆக்கிவிட்டு லொறிக்காரரின் இரண்டரையை மூன்று ஆக்கலாம், யாருக்குத் தெரியும், ஆனால் யாருடைய வாய்ச்சொல்லையும் ஒருவரும் தொடக்கூடாது என்று முதல் கூட்டத்தில் மேசையில் அடித்துச் சட்டம் போட்டதும் நான்தான். அம்மா கடைசித் துண்டை முடித்துவிட்டுக் கடதாசிப் பையை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைக்கிறார். கனடாவுக்கு வந்து இத்தனை வருசம், ஒரு கடதாசிப் பையை எறிந்ததில்லை.

துஷ்யந்தனின் குரல் மாறியிருக்கிறது. யோசித்துப் பார்த்தாராம், சுகிர்தா சொல்வதுதான் சரியாம், கிரீனிச்சுக்கு மாற்றினால் சொன்னவரின் சொல் அழிந்துவிடுகிறதாம், அதை இப்போதுதான் தான் உணர்வதாகவும் என்னிடம் மன்னிப்புக் கேட்பதாகவும் சொல்கிறார். வென்றுவிட்டேன். இரண்டு கிழமை சண்டை பிடித்து வென்றதற்கு நெஞ்சுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாருக்கும் விளங்கட்டும் என்று அவர் விதியைத் திரும்ப ஒருமுறை தமிழில் சொல்கிறார், உள்ளுக்க இருந்து வந்த ஆக்கள் சொன்னது பழைய நேரம், வவுனியா ஆக்கள் சொன்னது புது நேரம், அப்பிடியே எடுக்கிறம்.

"அப்பிடியெண்டு ஆர் சொன்னது?" என்றார் அம்மா.

என்னிடம் இல்லை, வாகனத்தின் முன் கண்ணாடியிடம். நான் நிமிர்ந்தேன். என்னம்மா என்றேன். இவையள் ஏதோ விசாரணைக் கதைதானே கதைக்கினம் என்றார், அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஓம் என்றேன். கறுப்புக் கண்ணாடிக்குள் கண் எங்கே பார்க்கிறது என்று தெரியவில்லை.

"நான் புது நேரமெல்லே சொன்னனான். அவங்கள் அரசாங்க ஆக்கள். அவங்கட புத்தகத்தில அவங்கட நேரம்தானே கிடந்திருக்கும். என்ர மணிக்கூட்டில இரண்டரை. பின்னேரமே திரும்பி வாறதுதானே எண்டு நான் திருகேல்லை. இரண்டரை எண்டு சொன்னா மனிசி பொய் சொல்லுது எண்டு நினைச்சிடுவாங்கள் எண்டு அரை மணித்தியாலம் கூட்டிச் சொன்னனான்."

"அப்ப கனகலிங்கண்ணை?"

"அந்தாளும் பாவம். தாய் பழைய நேரம்தான் சொல்லும், எதிர்மாறாச் சொல்லக்கூடாது எண்டு தன்ர மூண்டை இரண்டரையாக் குறைச்சுச் சொல்லிப்போட்டுது. வெளியில வந்துதான் ரெண்டு பேரும் கதைச்சனாங்கள். திரும்ப உள்ளுக்க போய்ச் சொல்லுவம் எண்டு பாத்தா அடுத்த ஆளைக் கூப்பிட்டிட்டாங்கள்."

ஏன் எனக்கு இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ கேக்கேல்லையே என்றார். உண்மை. நான் கேட்கவில்லை. ஆங்கிலப் பிரதியை அட்சரம் அட்சரமாகக் கரைத்துக் குடித்தேன், கணினியில் விதி எழுதினேன், லண்டனோடு சண்டை பிடித்தேன், ஒரே வீட்டில் ஒரே குசினியில் இருக்கிற மனிசியை நீ எந்த நேரத்தில் சொன்னாய் என்று கேட்கவில்லை. அம்மா கண்டிருக்கிறார். மணிக்கூட்டைப் பார்க்கிற அளவுக்குக் கண்டிருக்கிறார். லொறிக்காரரும் கண்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே நிமிசத்தைக் கண்டுவிட்டு, ஒருவர் அதிகாரிக்காக ஏற்றி, மற்றவர் தாய்க்காக இறக்கி, இப்படி ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, இடம் கொடுத்து, நடுவில் அண்ணா விழுந்துபோனான். கோபம் வருகிறது, யாரில் என்று தெரியாத கோபம். இரண்டு பேரும் வாய்க்கு வந்ததை, தங்கள் தங்கள் மணிக்கூட்டில் கண்டதை, ஒருவரையும் நினைக்காமல் சொல்லியிருந்தால் போதும். எங்கள் சனத்துக்கு அது மட்டும் வராது. எந்த மேசைக்கு முன்னால் இருத்தினாலும் எதிரில் இருக்கிறவன் எந்த நேரத்தில் இருக்கிறான் என்று பார்த்து அதற்கு மாற்றித்தான் பேசுவார்கள். பிறகு இன்னொன்று வருகிறது. அம்மா மாற்றிச் சொல்லியிருந்தால் எத்தனை அம்மாக்கள் மாற்றிச் சொல்லியிருப்பார்கள். என் விதியில் வந்து ஒட்டிக்கொண்ட அந்தச் சோடிகள், நான் அழுதேனே அவை, அதில் எத்தனை உண்மையாக ஒட்டினவை, எத்தனை தவறாக ஒட்டிக்கொண்டவை. ஊரை வைத்து நேரத்தை ஊகிக்க முடியாது. ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும்.

ஒருத்தருக்கும் ஆட்சேபம் இல்லையெண்டால் இதையே முடிவாக எடுப்போம் என்று துஷ்யந்தன் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒலியைத் திறந்தேன்.

"எனக்கு ஆட்சேபம் இருக்கு."

"சுகிர்தா, இது உங்கட திட்டம்."

"ஓம். என்ர திட்டம்தான்."

சொன்னேன், ஒழுங்கில்லாமல், அம்மாவின் பெயரைச் சொல்லாமல். பழையதிலோ புதியதிலோ, எந்த நேரத்தில் சொன்னார் என்று இன்னொரு நிரல் வேண்டும், அதை நாங்கள் நிரப்பக்கூடாது, சொன்ன ஆளைக் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும், கேட்கும்வரை வெறுமையாகக் கிடக்கட்டும், வெறுமையாகக் கிடக்கிற எதையும் கணினி பெட்டிக்குள் தள்ளக்கூடாது. துஷ்யந்தன் ஏசவில்லை, ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். திங்கட்கிழமைக்கு முன்னால் அத்தனை பேருக்கும் எப்படித் தொலைபேசி எடுப்பது என்று மெதுவாகக் கேட்டார். எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று வேறு யாரோ கேட்டார்கள். பிறகு துஷ்யந்தன், சரி, ஒரு ஆளையாவது கேட்டுப் பார்ப்போம், கேள்வியை எப்படிக் கேட்பது என்றாவது தெரியவரும் என்றார். ஒரு ஆள் எனக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்றேன். எங்கள் பதிவு எது என்று அவர்களுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். துஷ்யந்தன் தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டுக்கு வந்த பெரியவர்களோடு கதைக்கிற குரலில், அம்மா, உங்கட மகனைக் கடைசியாக் கண்டது எத்தினை மணிக்கு என்று கேட்டார்.

அம்மா மடியில் கிடந்த துகளைத் தட்டிவிட்டார். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். வெளிச்சம் ஆகாது என்று சொன்னதையும் கேட்காமல் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார், கண் இரண்டிலும் தண்ணீர் வடிந்தது. முதுகை நேராக்கி, குரல் வருகிற பக்கம் திரும்பி, கொஞ்சம் குனிந்து கேட்டார்.

"தம்பி, உங்கட நேரத்தில சொல்லவோ, எங்கட நேரத்தில சொல்லவோ?"